நாகமலை புதுக்கோட்டை

செக்கானூரணி ஞாபகம் இருக்கிறது.
வேகத்தடையில் மல்லி மூட்டை ஒன்று சரிந்தது.
அடுத்து காளவாசல் சிக்னல், சிவப்பு.
நடுவில் ஓர் ஊர் இருக்க வேண்டுமே.

கண் திறந்துதான் இருந்தது, சத்தியமாக.
கால் மிதித்தது, கை திருப்பியது.
வண்டியில் நான் மட்டும் இல்லை.

நாலு நாளாகவே சில்லறை தப்புகிறது.
டீயில் சீனி போட்டாயா என்று
குடித்து முடித்தபின் ஒச்சம்மாவைக் கேட்கிறேன்.
நேற்று எவனோ அடித்த ஹாரனுக்கு
அழுகை வந்துவிட்டது.
முகூர்த்த மாசம், எல்லாருக்கும் இப்படித்தான் என்றேன்.
தூங்கா நகரத்துக்குப் பூ ஓட்டுகிறவன்
தூங்குவதாவது என்று
சிரித்தேன் வேறு.

மாட்டுத்தாவணியில் மூட்டைகள் இறங்கியதும்
சிக்கந்தர் பாயிடம் சாவியை நீட்டினேன்.
"இன்னொரு நடை கெடக்கேப்பா?"

"புதுக்கோட்டையைக் காணோம் பாய்."

அவர் சிரிக்கவில்லை.
செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு
பம்பரருகே குந்தினார்.
முன்சக்கரம். பின்சக்கரம்.
அடியில் குனிந்து, மறுபடி முன்சக்கரம்.
எதைத் தேடுகிறார் என்று புரிய
எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மண்ணுதான்" என்றார், எழுந்து.
"வெறும் மண்ணு. போய்ப் படு."

வெற்றுச் சாக்குகளின் மேல்
படுத்த பிறகுதான்
கை நடுங்கத் தொடங்கியது.