அளவுகோல் இல்லாத படம்

அல்சூர் லாட்ஜ், அறை பதினாலு.
அன்றிரவு படமெடுத்தவர்
அளவுகோல் வைக்க மறந்திருந்தார்.
சிந்திய முகப்பவுடரில் ஒற்றை வெறுங்கால் தடம்.
திரையில் பெரிதாக்கினால் யானை,
சுருக்கினால் பொம்மை.

பதினேழு மாதம் கழித்துப் போனேன்.
கட்டில் மாறியிருந்தது. சுவருக்கு ரோஸ் பெயின்ட்.
தரைக்கல் மட்டும் அதே கல், மூலை உடைந்தது.
முட்டி போட்டு டேப்பை வைத்தேன்:
முப்பது என்று சொல்லி விற்ற கல்,
இருபத்தொன்பது புள்ளி ஆறு.

மற்றது வெறும் கணக்கு.
கோணம் திருத்தி,
கல்லில் கால் எத்தனை பங்கு என்று பார்த்தால்
பதினெட்டு சென்டிமீட்டர்.

இரண்டாம் முறையும் பதினெட்டு.

ரேவண்ணா சார் போனில் கேட்கிறார்:
"ஆம்பளையா, பொம்பளையா?"

லாட்ஜ் ரெஜிஸ்டரில் பெரியவர் இருவர்.
குழந்தைகள் என்ற கட்டத்தில்
நீலப் பேனாவில் சின்னதாக ஒரு கோடு.