ஒப்புதல் படிவம், பக்கம் நான்கு

பக்கம் நான்கில் நின்றுவிட்டேன்.
ஆங்கிலத்தில் அது ஒரே வரி.
சீனமும் மலாயும் செவ்வாய்க்கிழமையே போய்ச் சேர்ந்தாயிற்று.
தமிழ்தான் பாக்கி.
எங்கள் தளத்தில் தமிழென்றால் நான்:
புவன விஸ்தாவில் ஏழாம் மாடி,
எலியின் தொடை எலும்பை மெழுகில் புதைத்து
ஐந்து மைக்ரானாகச் சீவுகிறவள்.

சாரப் புரதம் என்று எழுதி அனுப்பினேன்.
சரிபார்த்த குணவல்லி பென்சிலில் கேட்டாள்:
எதன் சாரம்? சாறா, சத்தா?
பக்க ஓரத்தில் பதில் எழுதினேன்:
ஜன்னல் வழியாகப் பார்.

எதிரே வீவக புளோக்குக்குச் சாயம் பூசுகிறார்கள்.
இரும்புக் குழாய், கவ்வி, பலகை, பச்சை வலை.
குழாய் சாயம் பூசுவதில்லை,
சிமெண்ட் குழைப்பதில்லை.
பதினோராம் மாடியில் வாளி நீட்டும் கையும்
வாங்கும் கையும்
ஒன்றையொன்று தொடும் தூரத்தில் இருக்கின்றன,
அவ்வளவுதான் அது செய்வது.

இந்தப் புரதமும் எதையும் வெட்டாது, ஒட்டாது.
செய்தி வைத்திருப்பவனை
கேட்க வேண்டியவன் பக்கத்தில் நிறுத்தும்.
"கட்டு" என்கிற ஒரு சொல்
செல்லின் சுவரிலிருந்து அதன் கரு வரைக்கும்
அப்படிக் கைமாறித்தான் போகிறது.

இருபத்துநான்கு மாத எலியின் சீவலைக்
கண்ணாடிக்கடியில் வைக்கிறேன்.
அரிக்கிற செல்கள் வேலைக்கு வந்திருக்கின்றன,
ஒரு நாள் விடுப்பில்லை.
கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்; மூன்று முறை எண்ணினேன்,
நான் பயந்த அளவு குறையவில்லை.
சொல்தான் வந்து சேரவில்லை.
மஜ்ஜை முழுக்கக் கொழுப்பின் வெள்ளை வட்டங்கள்,
நடுவே பாதியில் நிற்கும் எலும்புப் பாலம்.
இது எலிக்கு.
மனிதருக்கும் இப்படியா என்று தெரியாமல்தான்
இந்தப் படிவம்.

(எனக்கு ஐம்பத்து மூன்று.
என் இடுப்பின் எண் கழித்தல் இரண்டு புள்ளி மூன்று.
பலதுறை மருந்தகம் தந்த தாள்
பிப்பெட் முனைப் பெட்டிக்கடியில் கிடக்கிறது.
கியான் செங்கிடம்கூடச் சொல்லவில்லை.)

அச்சாகி வந்த படிவத்தில் சாரம் இருந்தது.
ஜன்னலை எடுத்துவிட்டார்கள்.

முதல் தொண்டூழியர் திருவாட்டி லோகாம்பாள், எழுபத்தொன்று,
ஜூரோங்கில் இருபத்தாறு வருடம் வானொலிப் பெட்டிக்குப் பற்றவைத்தவர்,
வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.
பக்கம் நான்கை விரல் வைத்து வாசித்தார்.
"சாரம்னா, கட்டடத்துக்குக் கட்டுவாங்களே, அதானே?"
அதேதான் அம்மா.
குணவல்லியைக் கூப்பிட்டுக் காட்டவேண்டும் போலிருந்தது.

"வேலை முடிஞ்சா பிரிச்சிருவாங்க.
எனக்கு முடிஞ்சுருச்சுன்னு யாரு சொன்னா?"

விளக்கத் தொடங்கினேன்.
எலும்பு கட்டி முடிகிற கட்டடமில்லை,
இடித்து இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கும்,
அதனால் இந்தச் சாரத்தை எப்போதுமே...
பெயர் வைத்தவர்கள் அதை யோசிக்கவில்லை போல.
மொழிபெயர்த்த நானும்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தாரா, தெரியாது.
பேனாவை இடது கைக்கு மாற்றி
"லோ"வின் கொம்பைப் போட்டு
மூச்சு வாங்கி
மீதியை எழுதினார், கோடு தாண்டி.

எதிர்ப்பக்கம் இரும்பின் மேல் இரும்பு விழும் சத்தம்.
வெள்ளிக்கிழமை, மேலிருந்து கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.
இருவரும் திரும்பிப் பார்த்தோம்.
புளோக் நின்றது, புது ஆரஞ்சு நிறத்தில்.
"இதுக்கு முந்தின கலரே தேவலாம்" என்றார்
திருவாட்டி லோகாம்பாள்.
ரத்தம் எடுக்க இடது கையை நீட்டினார்.