இருட்டில் விழுந்த பந்து

குளச்சல் மைதானம். கூடைப்பந்து இறுதி ஆட்டம்.
ஸ்கோர் நோட்டு என் மடியில்.
மின்வாரிய அணி ஒரு புள்ளி பின்னால்,
மிச்சம் மூன்று வினாடி.

பெல்சிட்டா எம்பினாள்.
பந்து அவள் விரலை விட்டதைப் பார்த்தேன்.
கரண்டு போனது.

‘கரண்டாபீசுக்கே கரண்டு இல்ல மக்கா’ என்று
சிரிக்கத் தொடங்கிய ஒருவன்
பாதியில் நிறுத்திக்கொண்டான்.
மேலே போன ஒன்று கீழே வர
அத்தனை பேரும் மூச்சடக்கி நின்றோம்.
தூரத்தில் ஒரு விசைப்படகின் விளக்கு
ஏறி இறங்கியது.

வலை உரசிய சத்தம் கேட்டது எனக்கு.
எதிரணி ஜெனிஷாவுக்கு வளையம் அதிர்ந்த சத்தம்.
நடுவர் ரசல்ராஜுக்கு
அவர் விசில் மட்டும்.

வெளிச்சம் வந்தபோது பந்து
மீன் லாரியின் சக்கரத்தடியில் கிடந்தது,
ஒன்றும் தெரியாததுபோல.

அந்த மூன்று வினாடியைத் திரும்ப ஆடச் சொன்னார்கள்.
அதே இடம், அதே எம்பல்.
வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி
வெளியே விழுந்தது.
அறுபத்தொன்று, அறுபது. எழுதினேன்.

பதினோரு வருடம்.
விளையாட்டில் கிடைத்த வேலை அவளுக்கு,
எங்கள் தெருவுக்கு மீட்டர் பார்க்க வருகிறாள்.
அட்டையில் எண்ணை எழுதுமுன் நிமிர்ந்து கேட்பாள்:
‘அண்ணே, அன்னைக்கு என்ன கேட்டுது?’

‘வலைதான்’ என்பேன்.
பிறகு,
இந்தத் தடவை எத்தனை யூனிட் என்று கேட்பேன்.