ஒரு விரற்கடை வெள்ளை

செவ்வாய் இரவுதான் பக்கம் கட்டும் இரவு.
சிலோயேயில் மழைக்கு விடுமுறை கிடையாது.
தகரக்கூரை சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டே
எடெல்மீரா மூன்றாம் பக்கத்தைத் திறக்கிறாள்.

வலது மூலையில் கறுப்புக் கட்டம்.
பதினோரு வருடமாக அது அங்கேதான்.
சுகாதார அலுவலகம் அனுப்பும் நான்கு வரி:
எந்தக் கரையில் சிவப்பு அலை,
எந்தச் சிப்பியைத் தொடக்கூடாது,
எந்தத் தேதி வரை.
செய்தி படிக்காதவர்களும் அதைப் படிப்பார்கள்.
கத்தரித்து அடுப்புக்கு மேலே ஒட்டுவார்கள்.

மாலையில் அதற்குக் கீழே இடம் கேட்டு
ஓனோஃப்ரே வந்திருந்தான்,
புட்டியில் எலுமிச்சைச் சாறு விற்பவன்.
கோட்டை உதறி நாற்காலியில் போட்டுவிட்டு
"அதே எழுத்து, அதே கறுப்புக் கோடு,
இடைவெளி வேண்டாம்" என்றான்.
"பொய் ஒன்றுமில்லை, நீயே பார்.
சிப்பி. எலுமிச்சை. நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.
இதில் எந்தச் சொல் பொய்?"

பார்த்தாள்.
எந்தச் சொல்லும் பொய்யில்லை.
பொய், சொற்கள் உட்காரப்போகும் இடத்தில் இருந்தது.

மேசையில் அவன் வைத்துவிட்டுப் போன உறை
காகித ஆலைக்கு இரண்டு மாத பாக்கி.
அச்சகத்து ஹெரால்டோ போன வாரமே
இனி கடனுக்கு மை இல்லை என்று
சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான்.
சிரித்ததுதான் பயமாக இருந்தது.

அவள் துறவியொன்றும் அல்ல.
சவப்பெட்டிக்காரனுக்கே இடம் தந்திருக்கிறாள்,
இரங்கல் பக்கத்திலேயே,
தலையில் 'விளம்பரம்' என்று போட்டு.

ஒரே ஒருமுறை போடாமல் விட்டாள்.
படகு நேரப் பட்டியல் போலவே கோடு கிழித்த
ஒரு பேருந்துக் கம்பெனியின் பட்டியல்.
பதினான்கு பேர் துறையில் நின்றார்கள்,
விடியற்காலை ஐந்தரைக்கு, மூட்டைகளோடு,
வராத படகுக்கு.
யாரும் அவளைத் திட்டவில்லை.
பத்திரிகையை விரித்துத் தலைக்கு மேல் பிடித்து
மழையை மறைத்துக்கொண்டார்கள்.
அதைத்தான் அவளால் மறக்க முடியவில்லை.

விளம்புவது என்றால் என் மொழியில் சொல்வது.
குமரிக்கரையில் இலையில் சோறு பரிமாறுவதும்
விளம்புவதுதான்.
இது அவளுக்குத் தெரியாது.
தெரியாமலே ஒரு தட்டு கண்ணுக்குள் வருகிறது:

ரொசால்பா மான்சிலா,
ஓதம் இறங்கியதும் முழங்கால் சேற்றில்
சிப்பி பொறுக்கப் போகிறவள்,
கண்ணாடி வாங்க இன்னும் காசு சேராதவள்,
எழுத்தைவிடக் கட்டத்தின் வடிவத்தை நம்புகிறவள்,
ஈரக் கையால் பக்கத்தைப் பிடித்திருக்கிறாள்.
மேலே 'கூடாது'.
கீழே 'சாப்பிடுங்கள்'.
நடுவில் ஒன்றுமில்லை.

எலுமிச்சைக்கு அந்த நஞ்சு மசியாது.
நாக்கில் அதற்குத் தனி ருசியும் கிடையாது.
முதலில் உதடு மரத்துப்போகும்.

பத்தரை மணிக்கு ஓனோஃப்ரேயைத் தொலைபேசியில் எழுப்பினாள்.
"ஐந்தாம் பக்கம். மஞ்சள் பின்னணி, வேறு எழுத்து.
மேலே 'விளம்பரம்' என்று இருக்கும்.
சிப்பி வேண்டாம். மீன் வறுவலுக்குப் பிழியச் சொல்."
"ஐந்தாம் பக்கத்தை எவன் பார்ப்பான்?"
"எலுமிச்சை வேண்டுகிறவன்."
கொஞ்ச நேரம் இரண்டு முனையிலும் மழை பேசியது.
"பாதிப் பணம்தான்."
"பாதி போதும்" என்றாள்.
போதாது.

கறுப்புக் கட்டத்துக்குக் கீழே
அவன் கேட்ட இடம் காலியாகக் கிடந்தது.
படகு நேரத்தை அங்கே நகர்த்திப் பார்த்தாள்.
ஒட்டிக்கொண்டது.
திரும்ப எடுத்தாள்.
கட்டத்தைச் சுற்றி நாலு புறமும்
ஒரு விரற்கடை வெள்ளை விட்டு,
விளக்கை அணைத்தாள்.

புதன் காலை ஹெரால்டோ கூப்பிட்டான்.
"மூன்றாம் பக்கத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கிறதே,
பிழையா?"

"இல்லை" என்றாள்.
"அந்த வெள்ளையையும் காகிதக் கணக்கில் சேர்த்துக்கொள்."