மரப்பட்டை ஒரு மூட்டை

செய்முறையைப் பத்திரமாக வைத்திருந்தது
போலீஸ்தான்.
பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் கூடம்,
வெருளம் நீதிமன்றக் கட்டு, 1893 ஜூலை:
அரசு எதிர் குப்பச்சி,
கூலி எண் நாற்பத்தோராயிரத்துச் சொச்சம்
(கடைசி இலக்கங்களைப் பூச்சி தின்றிருந்தது).

கைப்பற்றியவை.
மண்ணெண்ணெய்த் தகரம் இரண்டு.
துப்பாக்கிக் குழல் ஒன்று, சுடும் நிலையில் இல்லை.
ஆலைக் கழிவுப்பாகு அரைப் பீப்பாய்.
மரப்பட்டை ஒரு மூட்டை, பயன் தெரியவில்லை.
சாராயம் நான்கு காலன்.

பயன் தெரியவில்லையாம்!
நான் சிரித்த சிரிப்பில் காப்பாளர்
கண்ணாடிக்கு மேலாக முறைத்தார்.
பட்டை போடாமல் நம் ஊறல் எங்கே ஊறியது?
ஆர்க்காட்டில் வேலமரம் சீவிய கை அது.
இங்கே இறங்கியதும்
மலைச்சரிவெல்லாம் வாட்டில் மரம் பூத்து நிற்க
இலையை உருவிப் பார்த்திருப்பாள்,
"அட, நீயுமா?"
அதையும் யாரோ கப்பலில்தான் கொண்டுவந்திருந்தார்கள்.

டயர் கடைக்குப் பின்னால் எங்கள் கொட்டகை.
சுவரில் சட்டம் போட்டு மாட்டிய உரிமம்,
குப்பச்சியைப் பிடித்த அதே அரசாங்கத்தின் பேரப்பிள்ளை
கையெழுத்திட்டது.
முதல் வடிப்பு ரப்பர் நாறியது.
இரண்டாவதைப் பற்றிப் பேச வேண்டாம்.
இன்றைய ஆலைகள் பாகில் இனிப்பையே விடுவதில்லை
என்று கண்டுபிடித்தவள் ஸிபொங்கிலே;
டொங்காட் சாலையில் கரும்புச்சாறு வாங்கிக் கலந்தோம்.
துப்பாக்கிக் குழலுக்கு மட்டும் செம்புக் குழாய்.
எதற்கென்று கேட்டால் என்ன சொல்வது?
அது ஒன்றுதான் பொய்.

ஒன்பதாம் நாள் இரவு
பீப்பாய் நண்டு வளை மாதிரி முணுமுணுத்தது.
விடியலில் அடுப்பு. சாக்கை நனைத்து நனைத்துக்
குழாயில் சுற்றினோம்.
கண்ணைக் கெடுக்கும் முதல் கிண்ணத்தை மண்ணில் ஊற்றிவிட்டு
அடுத்ததில் தீக்குச்சி காட்டினால்
நீலம், சத்தமில்லாமல்.

குடித்தோம்.
பிஞ்சு நாவல் கடித்தது போல் நாக்கை இழுத்தது.
பிறகு புகை.
பிறகு, விழுங்கி வெகுநேரம் கழித்து,
ஏதோ ஒரு இனிப்பு, கொஞ்சம் தயங்கி.
"இதுதானா அது?" என்றாள்.
இதுதானா என்று சொல்ல
அதைக் குடித்த நாக்கு ஒன்றும் மிச்சமில்லை.

கட்டின் கடைசித் தாளை
அன்று இரவுதான் ஒழுங்காகப் படித்தேன்.
நீதிமன்றத்தில் காட்டப்பட்டது: மூன்று காலன்.
மீதி ஆவியாகிவிட்டதென்று
கான்ஸ்டபிள் சத்தியம் செய்திருக்கிறார்.
ஜூலையில். பனி விழும் மாதத்தில்.

அபராதம் ஐந்து பவுண்டு.
பெண்ணாளுக்கு மாதம் ஐந்து ஷில்லிங் காலம்,
இருபது மாதக் கூலி.
பக்கத்திலேயே குமாஸ்தா
சாய்ந்த எழுத்தில் குறித்திருக்கிறார்:
அன்றே செலுத்தினாள்,
முழுதும் சில்லறையாக.