புள்ளி நான்கு

மூன்றாம் அலைவரிசை என்னுடையது.
காதுக்கருவியை யாராவது மாட்டியிருக்கிறார்களா என்று
கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து தெரியாது.
அரைமணிக்கு ஒருமுறை மைதீனும் நானும் மாற்றிக்கொள்வோம்.
பொருளாதாரத்தை அவர் முடித்துவிட்டுப்
புதினா மிட்டாயின் உறையைச் சத்தமில்லாமல் பிரிக்கையில்
போக்குவரத்து எனக்கு வந்தது.

எழுந்தவர் திருவாட்டி ஓங் ஸ்வீ பெங், எதிர்க்கட்சி.
அவர் கேட்டது ஒரே ஒரு பேருந்தைப் பற்றி.
விடியற்காலை ஐந்து பத்துக்கு
ஈசூனிலிருந்து புறப்பட்ட 867-ஐ ஏன் நிறுத்தினீர்கள்?
மூன்று விழுக்காடு வளர்ந்தோம் என்று
போன வாரம்தானே சொன்னீர்கள்,
அந்த மூன்றுக்குள் ஒரு பேருந்து நிற்க இடமில்லையா?
பின்வரிசையில் யாரோ நாற்காலிக் கையைத் தட்டினார்.

அமைச்சருக்குச் சளி.
கெட்டவர் இல்லை. தாளைப் பார்க்காமல் எண் சொல்பவர்.
மானியம் இத்தனை கோடி,
ஓட்டுநர் கிடைப்பதில்லை,
புதிய ரயில் பாதை பக்கத்திலேயே வந்துவிட்டது.
எல்லாம் சரியான எண்கள்தான்.

அவர் பேசும் மொழியில் வினை முதலிலேயே ஏறிவிடும்.
பரிசீலிப்போம் என்று ஆரம்பித்துவிட்டு
நிபந்தனைகளைப் பின்னால் ஒவ்வொன்றாக ஏற்றுகிறார்.
என் மொழியில் வினைதான் கடைசிப் பயணி.
அத்தனை நிபந்தனையும் ஏறி உட்காரும்வரை
அதை வாய்க்குள் வைத்திருக்கிறேன்,
சுடச்சுடக் கடித்த வடைத் துண்டைப்போல்,
விழுங்கவும் வழியில்லை, துப்பவும் வழியில்லை.
'பார்க்கலாம்' என்று சொன்னால் சுருக்கமாக முடிந்திருக்கும்.
அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று
பொம்மைக்கடை வாசலில் நிற்கிற
எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் தெரியும்.
ஆனால் அது மொழிபெயர்ப்பு ஆகாது, என் கருத்து ஆகிவிடும்.
'பரிசீலிப்போம்' என்றேன்.

பிறகு அவர் சொன்னார்:
ஒரு நடைக்குச் சராசரி பதினொன்று புள்ளி நான்கு.

அங்கே தடுக்கினேன்.
எண்ணைச் சொன்னார், எதை எண்ணினார் என்று சொல்லவில்லை.
எனக்கோ திணை வேண்டும்.
பதினொன்று என்றால் மூட்டையாகவும் இருக்கலாம்.
சிவப்பு விளக்கு எரிகிறது, யோசிக்க நேரமில்லை,
'பதினொருவர்' என்றேன்.
சொன்ன மாத்திரத்தில் அவர்கள்
இருட்டு நிறுத்தத்தில் வந்து நின்றுகொண்டார்கள்,
ஒருவர் கொட்டாவி விட்டபடி,
ஒருவர் ஈரத்தலையோடு.
அந்தப் புள்ளி நான்கை என்ன செய்வது?
பதினொருவர் புள்ளி நான்கு என்று
எந்த இலக்கணம் என்னைச் சொல்லவிடும்?
'ஏறத்தாழ' என்ற சொல்லை எடுத்து மேலே போர்த்தினேன்.

அதற்குள் அவர் வாகன உரிமைச் சான்றிதழுக்குப் போய்விட்டார்.
நானும் பின்னால் ஓடினேன்.
துணைக்கேள்வி இரண்டு. நேரம் முடிந்தது என்றார் நாயகர்.
விளக்கு அணைந்ததும் மைதீன் ஒரு மிட்டாயை நீட்டி,
'ஏறத்தாழவா?' என்றார்.
வாயில் மிட்டாய் இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை.

திரும்பும் ரயிலில், அங் மோ கியோ தாண்டியதும்,
கணக்குப் போட்டேன்.
வாரத்தில் வேலைநாள் ஐந்து.
ஐந்தில் இரண்டு, புள்ளி நான்கு.
அப்படியானால் யாரோ ஒருவர்
செவ்வாயும் வெள்ளியும் மட்டும் ஏறியிருக்கிறார்.
(இரண்டு பேராகவும் இருக்கலாம், ஆளுக்கு ஒரு நாள்.
ஆனால் எனக்கு ஒருவராகவே தெரிகிறது.)
பகுதிநேர வேலை.
மருந்தகம் திறக்குமுன் தரை துடைக்கவோ,
சந்தையில் மீன்பெட்டி கழுவவோ.
ரப்பர் காலணி தனியாக ஒரு பையில்.
மற்ற நாள்களில் அவர் தூங்குகிறார், அல்லது தூங்குவதில்லை,
அதற்குப் புள்ளிவிவரம் இல்லை.

ஈசூனில் இறங்கி அட்டையைத் தட்டினேன்.
மீதம் பன்னிரண்டு வெள்ளி சொச்சம்.
நிறுத்தத்துப் பலகையில் 867 இருந்த இடத்தை
வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்திருந்தார்கள்.
ஓரம் கொஞ்சம் பிரிந்திருந்தது.

இன்று திங்கள்.
அலாரத்தை நாலரைக்கு வைத்தேன்.