ஒன்று குறைகிறது

பத்து மணிக்கு வாசல் திறந்தால்
வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று.
அதற்குள் கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட வேண்டும்.
மணிக்கட்டில் வெளுத்த பட்டையை மட்டும்
கழற்ற முடியவில்லை.
மரத்தூள் பூசிக்கொள்ளச் சொன்னார்கள்.

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில்
பெட்ரோல் பங்க் தாண்டிப் பதினாலு ஏக்கர் அருங்காட்சியகம்.
கவலை இறைக்க ஒருவர், செக்காட்ட ஒருவர்,
வண்டிச் சக்கரம் செய்ய நான்.
மாதம் இருபத்திரண்டாயிரம், பி.எஃப். போக.

சக்கரத்தை முடிக்கக் கூடாது.
"முடிஞ்சுபோச்சுன்னா பார்க்க என்ன இருக்கு?"
என்பார் மேலாளர் யசோதரன்.
காலையில் வேலமரக் குடத்தில்
ஆரக்கால்களை ஒவ்வொன்றாய் அடித்து இறக்குவேன்.
கொட்டாப்புளிச் சத்தத்துக்குப் பிள்ளைகள் ஓடி வரும்.
ஐந்தரைக்கு மேல் பன்னிரண்டையும் பிடுங்கிச்
சாக்கில் கட்டுவேன்.
ஏறி இறங்கி ஏறி இறங்கித்
துளையெல்லாம் தொளதொளத்துவிட்டது.
இப்போது தேங்காய்நார் சுற்றித்தான் நிற்கவைக்கிறேன்.

"நீங்க நெஜ ஆசாரியா?"
திருப்பூரில் ஒன்பது வருஷம் மாடுலர் கிச்சன் பூட்டியவன்.
பிளைவுட் ஓரத்தில் பட்டை ஒட்டியதும் நிஜம்தான்.
ஆனால் பதினொன்றில் பிளைவுட் இல்லை.
"ஆமாங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

ஆடிக்காற்று கொட்டகையைத் தூக்கப் பார்த்த ஒரு மத்தியானம்,
டிக்கெட் வாசல் வழியாக அல்ல,
கொழுக்கட்டைப்புல் காட்டுப் பக்கம் கம்பிவேலியைத் தூக்கி
ஒரு சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தாள் ஒருத்தி.
அங்காத்தாள் என்று பெயர், பிறகு தெரிந்தது.
"ஏனுங், ஆசாரிதானுங்களே?
கால் ஒண்ணு முறிஞ்சுபோச்சுங்.
மயிலை ரெண்டும் ரோட்டு மேல நிக்குது."

இதற்கு எனக்கு வசனம் எழுதித் தரவில்லை.
அளந்தேன்.
என் குடத்தில் ஏழாவதாக நின்றதைப் பிடுங்கி
இரண்டு நூல் கனம் குறைய இழைத்தேன்.
பக்கத்துக் கொட்டகையில்
நாலு மாதமாய் ஆறிய இரும்பையே தட்டிக்கொண்டிருந்த பெரியாண்டவன்
உலையை உண்மையாகவே ஊதினான்.
பட்டா சிவந்தது. வட்டை மேல் இறங்கியது.
தண்ணீர் பட்டதும் ஒரு சீறல்,
முகத்தில் ஆவி,
சக்கரம் நறுக்கென்று தன்னைத்தானே இறுக்கிக்கொண்டது.

சுற்றி அறுபது எழுபது பேர். கைதட்டினார்கள்.

"எவ்வளவுங்?"
"எண்ணூறு."
"நானூறு வெச்சுக்கோங்."
பேரத்துக்கும் கைதட்டல்.
"பதினொன்னுல எண்ணூறு ரூபாய்க்கு
வண்டி மாடெல்லாம் ஒட்டுக்கா வாங்கலாமே"
என்றான் முன்னால் நின்ற பையன்.
அவன் வாத்தியாரம்மா முழங்கையால் இடித்தாள்.

அறுநூறில் நின்றது.
மடியிலிருந்து போனை எடுத்தாள்.
என் எண்ணைச் சொன்னேன், மெதுவாக,
பதினொன்றுக்குக் கேட்காதபடி.
இழைப்புச் சுருளுக்கு அடியில் புதைத்திருந்த என் போன்
ஒரு பெண்குரலில்,
எங்கள் யாருக்கும் வாய்க்காத சுத்தத் தமிழில்,
அறுநூறு ரூபாய் வந்து சேர்ந்ததை அறிவித்தது.
அன்றைக்குப் பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

யசோதரன் வேலிவரை ஓடினார்.
"சனிக்கிழமை நாலு மணிக்கு வர முடியுமாம்மா?
வாராவாரம். சம்பளம் தர்றோம்."
உருட்டுவதை நிறுத்தாமலே சொன்னாள்:
"என்ற சக்கரம் வாராவாரம் ஒடையாதுங்."

சாயங்காலம் பிடுங்கிச் சாக்கில் போட்டு எண்ணினேன்.
பதினொன்று.

மறுநாள் வருஷம் திறந்ததும்
கருவேலங்கட்டை ஒன்றைக் கிடத்தி வாச்சியை எடுத்தேன்.
சிராய் தெறித்தது. ஒரு குழந்தை பின்வாங்கி, மறுபடி நெருங்கியது.
"என்ன செய்யறீங்க?"
"ஒண்ணு கொறையுது கண்ணு."
"எங்க போச்சு?"
"ஊதியூர்ப் பக்கம்" என்றேன்.
"சுத்திக்கிட்டிருக்கும்."